ஒத்தடத்துக்கு கமிஷன் கிடையாது!

முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடமா, ஐஸ் ஒத்தடமா?

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு பத்து பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் "இதென்ன கேள்வி, சுடச்சுட உப்பு ஒத்தடம் குடுக்கணும்" என்பார்கள். கிரிக்கெட் ஆடும் பையன் ஒருத்தன் மட்டும் "ஐஸ் வைக்கணும் ப்ரோ, டிவியில பாக்கல?" என்பான். வாக்குவாதம் சூடு பிடிக்கும்போது பதினோராவது ஆள் ஒருவர் உள்ளே நுழைவார். "அதெல்லாம் எதுக்குப்பா? மெடிக்கல்ல போய் முட்டி வலின்னு சொல்லு, ரெண்டு செட் மாத்திரை தருவான். காலையில எந்திரிச்சு ஓடலாம்."

இதில் ஜெயிப்பவர் எப்போதும் அந்தப் பதினோராவது ஆள்தான். வெந்நீரும் ஐஸும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, சத்தமே இல்லாமல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவது செட் மாத்திரை.

ஏன் இப்படி? காரணம் ரொம்ப சுலபம். உப்புக்கும் வெந்நீருக்கும் ஐஸ் கட்டிக்கும் விற்பனைப் பிரதிநிதி கிடையாது. மாதக் கடைசியில் டார்கெட் கிடையாது. டாக்டருக்கு டைரி, பேனா, காலண்டர் கொடுக்க ஆள் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு பொருளைப் பற்றி யாரும் விளம்பரம் செய்யமாட்டார்கள் என்பது வணிகவியலின் முதல் பாடம். அதனால்தான் ஒத்தடத்தை ஊரில் பாதிப்பேர் தப்பாகச் செய்கிறார்கள், மீதிப்பேர் செய்வதையே விட்டுவிட்டார்கள். இது மருத்துவப் பிரச்சினை மட்டுமல்ல. கணக்குப் பிரச்சினை.

யாருடைய முட்டி?

முதலில் ஒரு விஷயம். முட்டி வலி என்றவுடன் வயதானவர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் சேர்ந்து சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் போடுகிற ஊர்கள் உண்டு. ஒவ்வொரு பட்டத்துக்கும் நடவு, களையெடுப்பு. நடவு நட்ட பெண்கள் யாரையாவது கேளுங்கள். கணுக்கால் சேற்றில் புதைந்திருக்கும், இடுப்பு வளைந்தே இருக்கும், ஒவ்வொரு அடியும் பின்பக்கமாக வைக்க வேண்டும். காலையில் இறங்கினால் மதியம்வரை இதுதான். அது முடிந்து வீட்டுக்கு வந்தால் குத்துக்காலிட்டுப் பாத்திரம் விளக்க வேண்டும், குனிந்து அடுப்படி வேலை பார்க்க வேண்டும்.

ஆண்கள் தப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு விடியற்காலை பஸ் ஏறி, ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் இருபத்தைந்து வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பவர்களும் இருக்கிறார்கள்.

1996இல் மகாராஷ்டிர மாநிலத்தில் பிக்வான் என்ற கிராமத்தில் டாக்டர் அரவிந்த் சோப்ரா குழுவினர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். பெரியவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு மூட்டு, தசை, எலும்பு சம்பந்தப்பட்ட வலி இருந்தது. அதாவது ஐந்தாறு பேரில் ஒருவர். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் முகாம் போடுகிற நாட்டில், இத்தனை பேருக்கு இருக்கும் வலிக்கு "வயசானா அப்படித்தான்" என்பதுதான் சிகிச்சை!

வெந்நீர் என்ன செய்கிறது, ஐஸ் என்ன செய்கிறது?

சூடு பட்டால் அந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. இறுகிக் கிடந்த தசை தளர்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் தசைநாரும் கொஞ்சம் இளகிக் கொடுக்கின்றன. காலையில் எழுந்ததும் காலை மடக்க முடியாமல் மரக்கட்டை மாதிரி இருக்குமே, அந்த விறைப்புக்கு சூடு நல்லது.

குளிர்ச்சி இதற்கு நேர் எதிர். ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. வீக்கம் ஏறுவது மட்டுப்படுகிறது. வலியைச் சுமந்து போகும் நரம்பின் வேகம் குறைகிறது. அதனால் அந்த இடம் மரத்துப் போகிறது. புதிதாக அடிபட்டு, சுடச்சுட வீங்கி நிற்கும் மூட்டுக்கு குளிர்ச்சி நல்லது.

இதை வைத்து ஒரு சின்ன சூத்திரம் போடலாம். மூட்டைத் தொட்டுப் பாருங்கள். அதுவே சுட்டால், குளிர்ச்சி. விறைத்துக் கிடந்தால், சூடு. ஏற்கெனவே எரிகிற அடுப்பில் யாராவது விறகு வைப்பார்களா? நம் ஊரில் வைக்கிறார்கள்! கால் பிசகி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வெந்நீர் ஊற்றி, எண்ணெய் போட்டு, "சுளுக்கு எடுக்கிறேன்" என்று ஒருவர் உருவி விட ஆரம்பித்துவிடுவார். உள்ளே கிழிந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரம் அது. சூடும் உருவலும் சேர்ந்தால் வீக்கம் கூடத்தான் செய்யும். முதல் இரண்டு நாள் சூடு கூடாது என்ற ஒற்றை வரி ஊருக்குள் போய்ச் சேரவில்லை. எலும்பு விரிசலா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டிய காலை உருவியே பாழாக்குகிறார்கள்.

வலிக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது பாட்டி வைத்தியத்தோடு நின்றுபோன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற இருவருக்குக் கிடைத்தது. ஜூலியஸ் எதை வைத்து ஆராய்ச்சியை ஆரம்பித்தார் தெரியுமா? மிளகாய்! மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாசல்தான், சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் திறந்துகொள்கிறது என்று அவர் காட்டினார். பிறகு இருவரும் தனித்தனியாகக் குளிர்ச்சியை உணரும் வாசலையும் கண்டுபிடித்தார்கள். அதைக் கண்டுபிடிக்க உதவிய பொருள் மென்தால். ஆமாம், தைலத்திலும் பாமிலும் இருக்கிற அதே புதினா உப்பு.

இதிலிருந்து ஒரு சுவாரசியமான உண்மை தெரிய வருகிறது. பாம் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, அது மூட்டைக் குளிர வைப்பதில்லை. குளிர்கிறது என்று நரம்பை நம்பவைக்கிறது. அவ்வளவுதான். வலி கொஞ்ச நேரம் மறக்கும், அது பொய்யில்லை. ஆனால் பாம் தடவி, அதன் மேலேயே வெந்நீர்ப் பையை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டுகிறார்களே, அது ஆபத்து. இந்த மாதிரிப் பூச்சு மருந்துகளால் தோல் வெந்துபோன சம்பவங்கள் அரிதாக நடப்பதாக 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கையே விட்டது. பாம் போட்டால் ஒத்தடம் வேண்டாம். ஒத்தடம் கொடுத்தால் பாம் வேண்டாம்.

சிக்குன்குனியா கற்றுக்கொடுத்த பாடம் (யார் கற்றுக்கொண்டார்கள்?)

2006ஆம் வருடத்தை யாரும் மறந்திருக்க முடியாது. நாடு முழுக்க 13.9 லட்சம் பேருக்கு சிக்குன்குனியா என்று சந்தேகிக்கப்பட்ட ஆண்டு அது. தமிழ்நாடும் வசமாக மாட்டியது. அந்தப் பெயரே கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கோண்டே மொழியில் வளைந்து போவது என்ற பொருள் தருவது. நோய் வந்தவர்கள் நடந்த நடையைப் பார்த்து வைத்த பெயர். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூட்டு வலி போகவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருந்தது.

சிக்குன்குனியா வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வலியைச் சமாளிப்பதுதான் வைத்தியம். மூட்டு சிவந்து வீங்கியிருக்கும் முதல் கட்டத்தில் குளிர்ந்த ஒத்தடம், பிறகு வெறும் விறைப்பு மட்டும் மிச்சம் இருக்கும் கட்டத்தில் இளஞ்சூடு, கூடவே மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சி. சாதாரணமாகச் சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயம். இதை ஒரு துண்டுச் சீட்டில் அடித்து ரேஷன் கடையில் ஒட்டியிருந்தால் போதும். ஆனால் கிராமங்களில் பரவியது ஊசியும் செட் மாத்திரையும்தான். "அந்த வருஷம் போட்ட ஊசி மாதிரி போடுங்க" என்று கேட்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே தொற்றிக்கொண்டது. வைரஸ் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இரண்டு கட்சியும் தப்பு

ஒத்தடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இரண்டு கோஷ்டிகள் கிளம்பி வரும்.

முதல் கோஷ்டி "எல்லாம் நம்ம முன்னோர்கள் அன்றே சொன்னது" கோஷ்டி. உண்மைதான், சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது, அதில் ஒற்றடமும் ஒன்று. நொச்சி இலை, தவிடு, உப்பு, மணல், செங்கல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சூடு தாங்கும் பொருளாக மாற்றத் தெரிந்திருந்தது பெரிய அறிவு. ஆனால் அந்தக் கோஷ்டி அதோடு நிற்பதில்லையே! "நொச்சி ஒத்தடம் ஒரே வாரம், தேய்ந்த முட்டி வளர்ந்துவிடும்" என்று வாட்ஸப்பில் அனுப்புகிறது. தேய்ந்த குருத்தெலும்பு ஒத்தடத்தால் வளராது. நொச்சியாலும் வளராது, ஐஸாலும் வளராது. அப்படிச் சொல்பவர் பாட்டிக்கு மரியாதை செய்யவில்லை, பாட்டி பெயரில் வியாபாரம் செய்கிறார். அதோடு "குளிர்ச்சி பட்டா வாதம் பிடிக்கும்" என்ற பயம் வேறு. குளிர் காலத்தில் விறைப்பு கூடுதலாகத் தெரியலாம். ஆனால் வீங்கிய முட்டியில் பத்து நிமிடம் ஐஸ் வைத்ததால் யாருக்கும் வாத நோய் புதிதாக முளைப்பதில்லை.

இரண்டாவது கோஷ்டி "ஆதாரம் எங்கே?" கோஷ்டி. கேள்வி நியாயமானது. பதிலையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கு சூடும் குளிர்ச்சியும் எவ்வளவு உதவும் என்று 2003இல் காக்ரேன் அமைப்பு அலசிப் பார்த்தது. கிடைத்தது மூன்றே மூன்று சிறிய ஆய்வுகள். எல்லாம் சேர்த்து 179 பேர். ஐஸால் தேய்த்து விட்டவர்களுக்கு முட்டியின் அசைவும் தசை பலமும் கொஞ்சம் கூடியது. ஐஸ் பை வீக்கத்தைக் குறைத்தது. சூட்டுப் பை வீக்கத்தைக் குறைக்கவில்லை. கீல்வாதம் என்கிற கவுட் நோய்க்கு 2002இல் வெளியான ஒரு ஆய்வில் 19 பேர்தான். மருந்தோடு ஐஸும் வைத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர்கள் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் சூட்டையும் குளிர்ச்சியையும் பரிந்துரைக்கிறது, ஆனால் "நிபந்தனையோடு". உடற்பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும்தான் அதில் முதல் மரியாதை.

சரி, ஏன் இவ்வளவு குறைவான ஆய்வுகள்? கோடிக்கணக்கானவர்கள் ஆயிரக்கணக்கான வருடமாகச் செய்கிற ஒரு காரியத்துக்கு 179 பேர்தானா? விடை திரும்பவும் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. உப்பு மூட்டைக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. காப்புரிமை இல்லாத பொருளுக்கு ஆய்வு நடத்த எந்தக் கம்பெனி பணம் போடும்? "ஆதாரம் குறைவு" என்பதும் "பலன் குறைவு" என்பதும் ஒன்றல்ல. முதலாவது யார் பணம் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

ஐஸ் கட்சிக்காரர்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கு அம்சத் திட்டத்தை 1978இல் பிரபலப்படுத்தியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். அவரே 2014இல், அதிகமாக ஐஸ் வைப்பதும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். தான் சொன்னதையே முப்பத்தாறு வருடம் கழித்துத் திருத்திக்கொண்டார் பாருங்கள், அதுதான் மருத்துவம். ஐஸ் வலியைத் தணிக்கும், சரி. நாள் முழுக்க வைத்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் ஆறும் என்பது சரியில்லை.

இப்போது வரவு செலவு

ஒத்தடத்தின் பலன் சுமார்தான் என்றே வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

செட் மாத்திரை என்பது பெயர் இல்லாத மாத்திரைகள் மூன்று நான்கை ஒரு காகித உறையில் போட்டுத் தருவது. வலி மாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சத்து மாத்திரை ஒன்று. சில செட்டுகளில் ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதுண்டு. உறையில் மருந்தின் பெயர் இருக்காது, அளவு இருக்காது, பில்லும் இருக்காது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சட்டப்படி டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டியவை. சட்டம் சென்னையில் இருக்கிறது, மாத்திரை ஊரில் இருக்கிறது.

ஒரு செட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று. வருடத்துக்கு 156 செட், 3,120 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஆக வருடத்தில் பத்து நாள் வேலை, வேலை செய்த வலிக்கு மாத்திரை வாங்கவே போகிறது.

இது வெறும் காசுக் கணக்கு. உடம்புக் கணக்கு இன்னும் மோசம். இந்த வலி மாத்திரைகள் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் சுரப்பதைத் தடுக்கின்றன. வலி குறைவது அதனால்தான். ஆனால் இரைப்பையின் உள்சுவரைக் காப்பாற்றுவதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைச் சரியாக வைத்திருப்பதும் அதே பொருள்தான். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகம் அதை நம்பித்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் வயலில் நிற்கிற, ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்கிற ஒரு பெண், காலையில் ஒரு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டு வந்தால் அவர் சிறுநீரகத்தின் நிலைமை என்ன?

கழுகுகளின் கதை ஞாபகம் இருக்கிறதா? மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2004இல் காரணம் உறுதியானது, 2006இல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை மாட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்று 2015இல் அந்தப் பெரிய குப்பிக்கும் தடை வந்தது. மனிதச் சிறுநீரகம் கழுகின் சிறுநீரகம் அல்ல, அந்த அளவு பயம் தேவையில்லை. ஆனாலும் கழுகுக்காக யோசித்தவர்கள், சீட்டில்லாமல் வாரம் மூன்று செட் விழுங்குகிற நடவுக்காரப் பெண்ணுக்காகக் கொஞ்சம் யோசித்தால் என்ன?

வலி மாத்திரையே கூடாது என்பதல்ல வாதம். டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, நாள் சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. அதே அமெரிக்க வழிகாட்டுதலும் அதைச் சிபாரிசு செய்கிறது. ஆனால் முதல் படியை மறைத்துவிட்டு ஐந்தாவது படியில் ஏற்றிவிடுவது வைத்தியம் அல்ல, விற்பனை.

ஒத்தடமும் விளையாட்டு அல்ல

இலவசம் என்பதால் ஆபத்தே இல்லை என்று அர்த்தம் இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு, அதாவது 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். சர்க்கரை நீண்ட நாள் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். அப்படிப்பட்டவருக்கு சூடு தாங்கக்கூடியதா இல்லையா என்று தெரியாது. "இன்னும் கொஞ்சம் சூடா வை" என்பார். மறுநாள் கொப்புளம், அதற்கடுத்த வாரம் புண், அதற்கடுத்து ஆஸ்பத்திரி. முட்டி வலிக்கு ஆரம்பித்த கதை காலை எடுப்பதில் முடியலாம்.

எனவே நான்கு விதிகள்:

1. சூடோ ஐஸோ நேராகத் தோலில் படக்கூடாது. நடுவில் துணி வேண்டும். 15 நிமிடம், மிஞ்சிப்போனால் 20. வெந்நீர்ப் பையோடு தூங்கக்கூடாது.

2. சூடு சரியா என்று வலிக்கிறவர் சொல்லக்கூடாது, ஒத்தடம் கொடுப்பவர் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலுக்கு சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

3. அடிபட்டு இரண்டு நாள் சூடு வேண்டாம், உருவ வேண்டாம். கால் ஊன்றவே முடியவில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரி.

4. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, வீங்கி, கூடவே காய்ச்சலும் அடித்தால் ஒத்தடம், பாம், செட் எதுவும் வேண்டாம். உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அது அவசர சிகிச்சை கேஸ். ஒரு நாள் தாமதமும் மூட்டைத் தின்றுவிடும்.

இந்த நான்கு விதியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் யாரிடமும் இல்லை.

"ஒத்தடம் வச்சிக்கிட்டு உக்கார நேரம் ஏது?"

செட் மாத்திரைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் உண்மையிலேயே பதில் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். நடவுக்குப் போகிற பெண் காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஷேர் ஆட்டோவைப் பிடிக்க வேண்டும். அதில் 15 நிமிடம் காலை நீட்டி உட்கார்ந்து, யாராவது ஒத்தடம் கொடுப்பதா? மாத்திரை பத்து செகண்டில் முடிகிறது.

ஒத்துக்கொள்ள வேண்டிய வாதம். ஒத்தடம் இலவசம் என்பது பாதி உண்மைதான். அதன் விலை ரூபாயில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அதுவும் இன்னொருவருடைய நேரத்தில். வீட்டில் யார் யாருக்கு ஒத்தடம் கொடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மாமியாருக்கு மருமகள் கொடுப்பார். புருஷனுக்குப் பெண்டாட்டி கொடுப்பார். கிரிக்கெட்டில் அடிபட்டு வந்த மகனுக்கு அம்மா கொடுப்பார். அந்த அம்மாவுக்கு? அவருக்குத்தான் செட் மாத்திரை! வீட்டிலேயே அதிகமாக ஒத்தடம் கொடுத்த கைக்கு, ஒத்தடம் வாங்க ஆள் இல்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இதைப் படித்தால், ராத்திரி போனை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் கொடுக்கலாம். அதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

வீட்டோடு முடிகிற பொறுப்பும் அல்ல இது. கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உட்காருவதற்கே சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் வயலுக்கும் கிரஷருக்கும் அந்தச் சட்டம் எட்டாது. அதே 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் ஒரு பகுதி. முட்டி வலிக்கு உண்மையாகவே நீண்ட காலப் பலன் தருவது தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, சில நொடி நிறுத்தி, இறக்குவது. ஒத்தடம் அந்தப் பயிற்சிக்கு வலியில்லாமல் வாசலைத் திறந்துவிடுகிற சாவி. சாவியே வீடு ஆகிவிடாது. ஆனால் சாவி இல்லாமல் வீட்டுக்குள் போகவும் முடியாது.

வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிறவர்கள், கூடவே "முட்டி வலிக்குதா, என்ன பண்றீங்க?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் ஒரு பலகை இருக்கட்டும். சுட்டால் குளிர்ச்சி, விறைத்தால் சூடு, மரத்தால் எதுவும் வேண்டாம், காய்ச்சலோடு வீங்கினால் உடனே உள்ளே வா. நாலே வரி. இதற்கு டெண்டர் விட வேண்டியதுகூட இல்லை.

கடைசியாக, கல்வெட்டு

உத்திரமேரூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டியவை. பாடப் புத்தகத்தில் மார்க்குக்காக எல்லோரும் படித்ததுதான். யார் வாரியத்தில் உறுப்பினர் ஆகலாம் என்று சொல்வதைவிட, யார் ஆகக்கூடாது என்று அதில் சொல்லியிருப்பதுதான் சுவாரசியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது!

நிலமும் சொந்த வீடும் உள்ளவர்களுக்கு மட்டுமான தேர்தல்தான் அது. நடவு நட்ட பெண்ணின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. ஆனாலும் கணக்குக் காட்டாதவனை உள்ளே விடாதே என்பது நல்ல விதி. ஆயிரத்து நூறு வருடம் கழித்து அதே ஊரில், பெயர் எழுதாத காகித உறையில், பில் இல்லாமல், மருந்துகள் கை மாறுகின்றன. உறைக்குள் என்ன இருந்தது, எத்தனை பேர் எத்தனை வருடம் விழுங்கினார்கள், யாருடைய சிறுநீரகம் எப்போது நின்றது என்பதற்குக் கணக்குக் காட்டுபவர் யாரும் இல்லை.

அடுத்த முறை மெடிக்கல் வாசலில் நிற்கும்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். "இதுல என்ன மாத்திரை இருக்கு? அட்டையோட குடுங்க, பில் போடுங்க" என்று கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். வீட்டுக்குப் போய், அம்மாவின் முட்டியைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா, விறைத்திருக்கிறதா?

அதைத் தொட்டுப் பார்க்கவும் காசு கிடையாது.